ஈ30 325ஐ: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

இது பி.எம்.டபிள்யூ. ஈ30 வரிசையில் 1985-ல் வந்த 325ஐ செடானுக்கான வழிமுறை. என்ஜின் எம்20பி25: ஆறு சிலிண்டர், 2494 சி.சி., டைமிங் பெல்ட். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், 1987 செப்டம்பருக்கு முன் தயாரான கார்களில் மோட்ரானிக் 1.1, அதன் பிறகு 1.3. உங்களுடையது எது என்று தெரியாமல் எந்த சென்சாரையும் வாங்காதீர்கள். கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சென்சார் இருந்தால் 1.3. கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூட்டில் (பெல்ஹவுசிங்) இரண்டு சென்சார் இருந்தால் 1.1.

இந்தக் காரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: காய்ந்து வெடித்த ரப்பர், பச்சை பூத்த எர்த் இணைப்பு, சால்டர் விட்டுப்போன ரிலே. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வரவேண்டும். அது கெடுவது அரிது, மாற்றுவதோ செலவு.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், ஃபீலர் கேஜ், நல்ல டார்ச். பெட்ரோல் ஹோஸைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகும் துணி சுற்றித்தான் கழற்ற வேண்டும், உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருக்கும்.

## செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாதது போலச் சுற்றுகிறதா? உடனே நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ஒருவரை ஒரே ஒரு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டரைப் பாருங்கள். ரோட்டர் கேம்ஷாஃப்ட்டின் முனையில் நேராகப் பொருத்தப்பட்டது. அது சுற்றாவிட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். இனி வீட்டில் செய்ய எதுவும் இல்லை, ஹெட்டைக் கழற்றிப் பார்க்க என்ஜின் வேலை தெரிந்தவர் வேண்டும்.

ரோட்டர் சுற்றுகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. சந்தேகம் கிராங்க் சென்சார்மீது. அது சிக்னல் தராவிட்டால் ஸ்பார்க்கும் வராது, பம்பும் ஓடாது. முதலில் கனெக்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு மின்தடையை அளவிடுங்கள்: 1.3-ல் சுமார் 540 ஓம், பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 1.1-ல் ஒவ்வொரு சென்சாருக்கும் சுமார் 960 ஓம். 1.3-ல் சென்சார் முனைக்கும் பல்சக்கரத்துக்கும் இடைவெளி 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஒயர் பெல்ட்டில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்று முழு நீளத்தையும் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் அறுபடும் சென்சார்கள் உண்டு.

முள் துள்ளுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோலா, ஸ்பார்க்கா என்று பிரிக்க வேண்டும்.

பெட்ரோல் பக்கம்: 11-ஆம் ஃபியூஸ் பம்புக்கானது. ஃபியூஸ் நன்றாக இருந்தால் பம்ப் ரிலேயை உருவி, இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, அடித்தளத்தில் 30, 87 என்று பொறித்த முனைகளை ஃபியூஸ் வைத்த ஒயரால் இணையுங்கள். பம்ப் முனகினால் ரிலேயோ, அதை இயக்கும் சிக்னலோதான் குறை. முனகாவிட்டால் பம்பின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பம்ப் வாங்குங்கள். தொடக்ககாலக் கார்களில் டேங்குக்குள் ஒன்று, காருக்கு அடியில் ஒன்று என இரண்டு பம்புகள். பிந்தையவற்றில் டேங்குக்குள் ஒன்றுதான். பிரஷர் கேஜில் 3 பார் வரவேண்டும்.

ஸ்பார்க் பக்கம்: கேப்பின் உட்புறம் கரிக்கோடு, ரோட்டர் முனைத் தேய்மானம், பிறகு காயில். காயிலின் 1, 15 முனைகளுக்கு இடையே அரை ஓம் அளவில் இருக்க வேண்டும். ஒயர்களைக் கழற்றினால் எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒயரை மாற்றிச் செருகிவிட்டு நாள் முழுக்கத் தேடுவது நடக்கிற காரியம்தான்.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, ஆறினால் பிடிக்கிறது

நிற்கும் அந்தக் கணத்தில் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள்.

என்ஜின் இன்னும் சுற்றும்போதே முள் ஒரே வீச்சில் பூஜ்யத்துக்கு விழுந்தால் மின்சாரக் கோளாறு. மெயின் ரிலேயைத் திருப்புளி பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டும்போது நின்றாலோ பிடித்தாலோ உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. சால்டர் வைக்கலாம்தான், ஆனால் புது ரிலே விலை குறைந்த பொருள், அதையே போடுங்கள். ரிலே சரியென்றால் கிராங்க் சென்சார், அதையும் சூடாக இருக்கும்போதே அளவிட வேண்டும்.

முள் என்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் வரத்து. ஃபில்டர் முதலில், டேங்க் மூடியின் காற்றோட்டம் அடுத்து, பம்ப் கடைசியில்.

நிறுத்தி அரைமணி கழித்து மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், கேஜை மாட்டி என்ஜினை நிறுத்துங்கள். அழுத்தம் சட்டென்று சரிந்தால் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது காய்ந்திருந்தால் பம்பின் செக் வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் போட்டுச் சுத்தம் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆறையும் சேர்த்தே கொடுங்கள்.

## ஐட்லிங் ஏறி இறங்குகிறது, அல்லது தாழ்ந்து நிற்கப் பார்க்கிறது

எம்20-ன் ஐட்லிங் சூட்டில் 720 முதல் 800 ஆர்.பி.எம். இதைச் சரிசெய்ய த்ராட்டிலின் நிறுத்து திருகைத் திருகுவது பெரும் தவறு. அதைத் தொட்டால் ஐடில் சுவிட்ச் மூடாமல் போய், இரண்டாவது கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பதுதான் முதல் சோதனை. என்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் அளக்கப்படாத காற்று ஏற்கெனவே வேறெங்கோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

மூடியைத் திறந்தும் மாற்றமில்லை (காற்றுக் கசிவு). விலை குறைந்ததிலிருந்து தேடுங்கள்:

- ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய். மடிப்புகளின் அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும், மேலிருந்து தெரியாது. கழற்றி, கையால் வளைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.
- ஆயில் டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங், ஆயில் மூடியின் கேஸ்கெட்.
- ஐடில் வால்வின் இரண்டு ஹோஸ்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸ்.
- இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், வால்வு கவர் கேஸ்கெட்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் புகை சோதனை செய்யும் இடத்துக்குப் போங்கள். சூடான என்ஜின்மீது கார்பரேட்டர் கிளீனர் தெளித்துத் தேடுவது தீவிபத்துக்கு வழி.

மூடியைத் திறந்தால் தடுமாறுகிறது (கசிவு இல்லை). ஐடில் வால்வைக் கையால் தொடுங்கள், இக்னிஷன் ஆனில் அது அதிர வேண்டும். அதிராவிட்டால் கனெக்டர், பிறகு வால்வு. அதிர்ந்தும் ஐட்லிங் அலைந்தால் கழற்றி கிளீனர் விட்டுக் கரியைக் கழுவுங்கள். உள்ளே உள்ள தகடு தடையின்றி ஊசலாட வேண்டும். அடுத்து த்ராட்டில் சுவிட்ச்: த்ராட்டிலை மயிரிழை அசைத்தாலே 'டிக்' என்று கேட்க வேண்டும்.

அதன் பிறகு நீல நிறக் கனெக்டர் கொண்ட கூலன்ட் சென்சார். பழுப்புக் கனெக்டர் உள்ளது மீட்டருக்கானது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீலம் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். சூட்டிலும் கிலோ ஓம் கணக்கில் காட்டினால் கம்ப்யூட்டர் எப்போதும் குளிர்காலம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கரும்புகை, ஈரமான பிளக், பெட்ரோல் வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகத்தை இங்கிருந்தே தொடங்குங்கள்.

எல்லாம் சரி, இன்னும் உறுத்துகிறது என்றால் வால்வு இடைவெளி. குளிர்ந்த என்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மி.மீ. 10 எம்.எம். ஸ்பானரும், இடைவெளியைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக்கைத் திருப்ப ஒரு வளைந்த கம்பியும் போதும். கவரைக் கழற்றும்போதே ராக்கர்களையும் பாருங்கள், விரிசல் விடும் பழக்கம் உள்ளவை.

ஏர்ஃப்ளோ மீட்டரின் உள்ளே உள்ள பல்சக்கர ஸ்பிரிங்கை மட்டும் திருப்பாதீர்கள். மீட்டரின் காற்றுக்கதவை விரலால் தள்ளிப் பார்த்து, உரசாமல் திரும்பி வந்தால் விட்டுவிடுங்கள். அதன் சீரமைப்பு எக்ஸாஸ்ட் வாயு அளக்கும் கருவியோடு செய்ய வேண்டிய வேலை.

## மிஸ்ஸிங் அடிக்கிறது, பிக்கப் இல்லை

பிளக், கேப், ரோட்டர், ஒயர், இந்த வரிசையில். பிளக் இடைவெளி 0.7 மி.மீ. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது ஓட்டம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. அந்தப் பிளக்கையும் பக்கத்துப் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். குறை கூடவே போனால் பிளக், அங்கேயே நின்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்.

கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இரண்டுமே பட்டறை வேலை.

அமெரிக்காவுக்குச் சென்ற 1.3 கார்களில் செக் என்ஜின் விளக்கே குறியீடு சொல்லும். இக்னிஷனை ஆன் செய்து, ஆக்ஸிலரேட்டரை ஐந்து முறை முழுவதும் மிதித்து விடுங்கள். 1215 ஏர்ஃப்ளோ மீட்டர், 1221 ஆக்ஸிஜன் சென்சார், 1223 கூலன்ட் சென்சார், 1444 என்றால் பதிவான குறை எதுவும் இல்லை.

## டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

இந்த என்ஜினை அழிப்பது இதுதான். ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே வளையும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

முள் துள்ளித் துள்ளி ஏறி இறங்குகிறது, ஹோஸ்கள் சாதாரணச் சூட்டில்தான் இருக்கின்றன. மீட்டர் கோளாறு. மீட்டர் பெட்டியைக் கழற்றி, பின்னால் டெம்பரேச்சர் கேஜைப் பிடிக்கும் நட்டுகளை இறுக்குங்கள். எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. பல கார்களில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

நெரிசலில் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. காற்று போதவில்லை. சூடான என்ஜினை நிறுத்திவிட்டு விஸ்கஸ் ஃபேனைக் கையால் தள்ளுங்கள், தடையோடு திரும்ப வேண்டும். சுழன்றுகொண்டே போனால் ஃபேனின் கிளட்ச் போய்விட்டது. அதன் நட்டு 32 மி.மீ., இடமரை, ஆகவே வழக்கமான திசைக்கு நேர்மாறாகச் சுழற்றுங்கள். முன்னால் உள்ள மின்விசிறியின் இரட்டை சுவிட்ச் 91 டிகிரியில் மெதுவேகத்தையும் 99 டிகிரியில் முழுவேகத்தையும் இயக்கும். மெதுவேகம் மட்டும் வரவில்லையென்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது.

வேகத்தில் ஏறுகிறது. தண்ணீர் ஓட்டம் போதவில்லை. மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் ஆறியே இருந்தால் தெர்மோஸ்டாட் அல்லது அடைபட்ட ரேடியேட்டர். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதா? அது முறியக் காத்திருக்கிறது, மாற்றுங்கள்.

கூலன்ட் மாற்றியதிலிருந்து ஏறுகிறது. காற்று சிக்கியிருக்கிறது. முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச்சூட்டில் வையுங்கள், தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேலுள்ள பிளீட் திருகைத் தளர்த்துங்கள். குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்வரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். மொத்தம் 10 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதைவிட மிகக் குறைவாகவே இறங்கியிருந்தால் உள்ளே இன்னும் காற்றுதான். என்ஜின் ஆறிய பிறகு மறுபடியும் ஒருமுறை செய்யுங்கள்.

காற்று எடுத்தும் எடுத்தும் குமிழி வருகிறது, ஹோஸ் குளிர்ந்த என்ஜினிலேயே விறைக்கிறது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. நிறம் மாறும் திரவச் சோதனை ஒன்று செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஹெட்டை லேத்துக்கு அனுப்புங்கள். தட்டைத்தன்மையோடு விரிசலையும் அழுத்தச் சோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டைத் தேய்த்துப் போட்டால் சில வாரங்களில் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பழைய அறுகோணத் தலை ஹெட் போல்ட்டுகள் முறிந்து விழும் குணம் கொண்டவை. மறுபடி பூட்டும்போது டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) தலைப் போல்ட்டுகளையே போடுங்கள்.

வாட்டர் பம்ப் ஒழுகினால் டைமிங் பெல்ட் கவரைத் திறந்தாக வேண்டும், டென்ஷனரும் அங்கேதான். ஆகவே பம்ப், பெல்ட், டென்ஷனர், கேம் சீல் நான்கையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். பெல்ட்டில் இசட்127 என்று அச்சிட்டிருந்தால் டென்ஷனரும் அதே குறியோடுதான் இருக்க வேண்டும். பூட்டியபின் செல்ஃப் அடிக்காமல், கிராங்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது கெட்டியாக இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்ற பதிவு இல்லாத காரை வாங்கியிருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். தூரம் ஓடாவிட்டாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை.

## மீட்டர்கள் பேய்த்தனமாக ஆடுகின்றன, சர்வீஸ் விளக்குகள் அணைவதே இல்லை

முதலில் 10-ஆம் ஃபியூஸ். அது சரியென்றால் மீட்டர் பெட்டிக்குள் எஸ்.ஐ. (சர்வீஸ் இன்டர்வல்) போர்டில் உள்ள சிறு பேட்டரிகள் செத்திருக்கும். ஒழுகிய காரம் போர்டைத் தின்னும்முன் மாற்றுங்கள். தடங்கள் கரைந்திருந்தால் போர்டையே மாற்றுவது நல்லது.

ஸ்பீடோ மீட்டர் மட்டும் செத்திருந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். சிக்னல் டிஃபரன்ஷியலின் பின்மூடியிலிருந்து வருகிறது. அந்தக் கனெக்டர் சேற்றில் கிடக்கும், அதைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

## பேட்டரி இறங்கிவிடுகிறது

ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால், இக்னிஷன் ஆனில் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த பல்ப் எரிந்துபோனால் ஆல்டர்னேட்டருக்குத் தூண்டுமின்சாரம் கிடைக்காது, நல்ல ஆல்டர்னேட்டரை மாற்றி ஏமாறுவீர்கள். அடுத்து எர்த் பட்டை, பிறகு ரெகுலேட்டர் பிரஷ். ஆல்டர்னேட்டர் கடைசியில்.

சார்ஜ் சரி, நிறுத்தி வைத்தால் இறங்குகிறது என்றால் அம்மீட்டரைத் தொடரில் இணைத்து, 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகிறதா என்று பாருங்கள். போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். டாஷ்போர்டு பெட்டி விளக்கு, டிக்கி விளக்கு, பின்னாளில் யாரோ மாட்டிய அலாரம், ஆம்ப்ளிஃபயர் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். 325ஐ-ல் பேட்டரி டிக்கியின் வலப்பக்கம். அதைத் தூக்கும் வேளையில் தட்டின் அடியில் துருவையும் பார்த்துவிடுங்கள்.

## ஸ்டீயரிங் நடுங்குகிறது

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் வீல் பேலன்சிங். பேலன்ஸ் செய்தும் போகவில்லையா? வேறு காரின் வீலாக இருக்கலாம். ஈ30-ன் மைய ஓட்டை 57.1 மி.மீ., போல்ட் வட்டம் 4×100. ஓட்டை பெரிதாக இருந்தால் சென்டர் ரிங் போடாமல் நடுக்கம் போகாது.

அடுத்து முன் கன்ட்ரோல் ஆர்மின் பின்புஷ். கம்பியால் நெம்பினால் ரப்பரில் கிழிசல் தெரியும். மாற்றும்போது சோப்புநீர் மட்டும் தடவி ஏற்றுங்கள். ஏற்றியவுடன், அரைமணிக்குள், காரைச் சக்கரத்தில் இறக்கிவிட வேண்டும். ரப்பர் காரின் இயல்பான உயரத்தில்தான் ஆர்மைப் பற்றிக்கொள்ள வேண்டும், தொங்கிய நிலையில் பற்றினால் சீக்கிரம் கிழியும். பிறகு பால் ஜாயின்ட், டை ராட், இவற்றுக்குப் பின் அலைன்மென்ட் கட்டாயம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும்.

## கிளட்ச் விடும்போதும் வேகம் மாற்றும்போதும் தட்டுகிறது

டிக்கியில் ஓசை, மேடுபள்ளத்தில் மட்டும்: பின் ஷாக் மவுன்ட். ஒரு மணி நேர வேலை.

கிளம்பும்போது காருக்கு நடுவில் அதிர்வு: டிரைவ்ஷாஃப்ட்டின் ரப்பர் வட்டு, பிறகு சென்டர் பேரிங். கழற்றுமுன் இரு பாதியிலும் பெயின்ட் குறி போடாவிட்டால் புது அதிர்வை நீங்களே உண்டாக்குவீர்கள். பேரிங்கைப் பூட்டும்போது 4 முதல் 6 மி.மீ. முன்னால் தள்ளி இறுக்குங்கள்.

பின்னால் 'தொம்' என்ற இடி: டிஃபரன்ஷியல் புஷ், அதன்பின் சப்ஃபிரேம் புஷ். சப்ஃபிரேமை இறக்க லிஃப்ட்டும் பிடுங்கு கருவியும் உள்ள இடத்துக்குப் போவதே மேல்.

## பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

காலிப்பர் வழிகாட்டி முள்கள், பேட், பிறகு ரப்பர் ஹோஸ். சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டால் பிளீட் நிப்பிளைத் திறங்கள். திறந்ததும் விட்டால் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் விடவில்லை. விடாவிட்டால் காலிப்பர். ஹோஸை இருபக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், திரவம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பெடல் மெல்ல மெல்ல அடிவரை இறங்கினால் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது, ஏற்றிக்கொண்டு போங்கள்.

## கால்மிதியில் தண்ணீர்

இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டர் கோர். வெறும் தண்ணீர் என்றால் சன்ரூஃப் வடிகால், கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால், கதவுக்குள் ஒட்டிய பாலிதீன் தாள், மூன்றையும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். டிக்கியில் என்றால் பின்விளக்கு கேஸ்கெட்.

கம்பளத்தைத் தூக்கி, ஜாக் வைக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே போனால் பெயின்ட் வேலையில் ஒரு காசும் போடாமல் முதலில் வெல்டரைப் பாருங்கள்.

## மாற்றங்கள் செய்தபின் வந்த தொல்லைகள்

என்ஜின் கம்ப்யூட்டரில் வேறு சிப் போட்டதும் ஏற்றத்தில் நாக்கிங் (சிலிண்டருக்குள் தட்டும் ஓசை). எம்20-ல் நாக் சென்சார் கிடையாது. சிப் எழுதிய ஆக்டேன் அளவுக்குக் குறைந்த பெட்ரோலை என்ஜின் கண்டுகொள்ளாது, பிஸ்டன்தான் வாங்கிக்கட்டும். பழைய சிப்பைத் திருப்பிப் போட்டு ஓசை போகிறதா பாருங்கள். போனால் ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடுங்கள், இல்லையேல் சிப்பை விட்டுவிடுங்கள்.

தாழ்த்தியதும் பின்டயரின் உள்விளிம்பு தேய்கிறது. பின்பக்க கேம்பரும் (சக்கரச் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்) கம்பெனி அமைப்பில் சீர்செய்ய முடியாதவை. தாழ்த்தினால் இரண்டும் மாறும். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் கொஞ்சம் திரும்பப் பெறுவது மலிவு. எக்சென்ட்ரிக் பிராக்கெட் வெல்டு செய்வது அளவு தெரிந்த சேசிஸ் பட்டறையின் வேலை.

டயர் மாற்றியதும் ஸ்பீடோ பொய் சொல்கிறது. 195/65-14-க்குப் பதில் 205/50-15 போட்டால் விட்டம் 609-லிருந்து 586 மி.மீ. ஆகும், 100 காட்டும்போது உண்மையில் 96. 205/55-15 போட்டால் வித்தியாசம் அரை சதவீதத்துக்குள். டிஃபரன்ஷியல் விகிதத்தை மாற்றினால் ஸ்பீடோ கெடாது, சிக்னல் விகிதத்துக்குப் பின்னாலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதைப் பிரிக்கும்போது, ஆயில் வடிக்கும் திருகுக்கு முன் ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிட்டே வடியுங்கள்.